மூணு கண் பாலத்து முருங்கைக் கிளை

கனிமொழி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஆறு எங்கே என்றுதான் கேட்பாள். ஆறு இருந்தால் பாலம் இருக்கும். கோட்டை, கோயில், கடைத்தெரு எல்லாம் அப்புறம்தான். பல ஊர்களில் அந்த அப்புறம் வந்ததே இல்லை.

கம்பெனி அவளை இரண்டு வருஷம் ஜெர்மனிக்கு அனுப்பியபோது தொற்றிக்கொண்ட பழக்கம் அது. சனி ஞாயிறு வந்தால் இருப்பதிலேயே மலிவான பஸ்ஸில், நாலு நாள் லீவு சேர்ந்தால் மலிவான விமானத்தில் ஏறிவிடுவாள். பிராக்கில் இரண்டு பக்கமும் சிலைகள் நிற்கும் கல்பாலம். போர்ட்டோவில் மேலே ரயிலும் கீழே காரும் போகிற இரும்புப் பாலம். மோஸ்டாரில் ஒரே ஒரு வளைவு, அதன் உச்சியிலிருந்து பையன்கள் ஆற்றில் குதிப்பார்கள். அவளுடைய நூம்பல் ஃப்ளாட்டில் ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கப் பாலப் படங்கள்தான். காய்கறி வைக்கக் கதவைத் திறந்தால் ஏதாவது ஒன்று கழன்று தரையில் விழும்.

அப்பா உத்தமனுக்கு இது புரிந்ததே இல்லை. ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குப் பயணம் போவார்கள், சாவுக்குப் போவார்கள், திருத்தணிக்குப் போவார்கள். ஒன்றைப் பார்ப்பதற்காக மட்டும் யாரும் பஸ் ஏறியதில்லை. முதல்தடவை அவள் படங்களைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாலத்துல ஏறி எங்க போன?"

"எங்கயும் போகலப்பா. அந்தக் கோடி வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன்."

"அதுக்கு ஆறு மணி நேரம் பஸ்ஸா?"

பிற்பாடு அவள் தனக்குத்தானே ஒரு பதில் செய்துகொண்டாள். வெளியூரில் ஹாஸ்டலில் பாஸ்போர்ட் கேட்டார்கள், கடையில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள், ஆபீஸில் இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பாலத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அதனால்தான் பிடிக்கிறது என்று நினைத்தாள். அது உண்மைதானா, இல்லை வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் தனக்கென்று ஒரு ரசனை இருப்பதாகக் காட்டிக்கொள்ளச் செய்கிற வேலையா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. சில நாள் அது படங்களைப் பார்க்கவிடாமல்கூடச் செய்யும்.

படம் எடுப்பதில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டத்துக்குள் வேண்டாதது எது இருந்தாலும் பிடிக்காது. தண்ணீர் பாட்டில் கிடந்தால் எடுத்துப் போடுவாள், வேன் நின்றால் போகும்வரை காத்திருப்பாள். போர்ட்டோவில் கைப்பிடி ஓரமாக உட்கார்ந்து பொம்மை விற்றுக்கொண்டிருந்த ஒருவரைக் கையசைத்துத் தள்ளிப் போகச் சொன்னாள். பங்களாதேஷ்காரராக இருக்கவேண்டும். துணியோடு பொம்மைகளை வாரிக்கொண்டு தள்ளிப் போனார். படம் அருமையாக வந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

நூம்பலில் அவள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் ஐந்து நிமிஷ நடையில் ஒரு பாலம் இருந்தது. ஏரியின் உபரித் தண்ணீரைக் கூவத்துக்குக் கொண்டுபோகும் கால்வாயின்மேல், செங்கல்லில் மூன்று வளைவு வைத்துக் கட்டியது. மூணு கண் பாலம் என்பார்கள். குடிவந்து மூன்று வருஷத்தில் அவள் அதைப் பாலமாகவே நினைத்ததில்லை. கால்வாயில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம், அவ்வளவுதான்.

இந்தக் கார்த்திகையில் விடாமல் பெய்த மழை அந்தக் குப்பை முழுவதையும் அடித்துக்கொண்டு போனது. மழை விட்ட வெள்ளிக்கிழமைக் காலையில் பால்கனிக்கு வந்தவள் தூரத்தில் பாலத்தைப் பார்த்தாள். மூன்று வளைவும் தண்ணீரில் நிழல் விழுந்து மூன்று முழு வட்டமாக நின்றன. செங்கல் நனைந்து சிவந்திருந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டியபடியே படியிறங்கினாள். அப்பாவிடம் காட்டவேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. இதோ, பஸ் ஏறாமலே ஒரு பாலம்.

அப்பா அன்று வருவதாகவும் இருந்தார். மழையில் ஊறி பால்கனிக் கதவு மூட முடியாமல் உப்பியிருந்தது. பத்து மணிக்குத் தச்சர் வருவார், அவள் ஆபீஸ் போயிருப்பாள், அப்பா வந்து கூட இருப்பதாக ஏற்பாடு. திருவேற்காட்டுப் பக்கம் மெயின் ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்று முந்தின நாள் போனில் வழியும் அவளே சொல்லியிருந்தாள். மூணு கண் பாலம் வழியா வந்துடுங்கப்பா, அந்த ரோடு காலியா இருக்கும்.

பாலத்தின் இந்தக் கோடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சாலையோரம் ஒரு குட்டை தேங்கியிருந்தது. தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தால் பாலத்தின் சுவரும் வானமும் அதற்குள் தெரிந்தன. அவள் தேடியது அதுதான். ஆனால் குட்டையின் நடுவில் ஒரு முருங்கைக் கிளை, ஆள் உயரத்துக்கு, உச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தது. முதலில் அதோடு ஒன்று எடுத்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை. கிளை பாலத்தை நட்டநடுவில் வெட்டியது.

கிளையைப் பிடித்து இழுத்தாள். இறுகலாக இருந்தது. ஆட்டி இழுத்ததும் வந்துவிட்டது. சுவருக்குப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்தாள். எடுத்து முடித்ததும் திரும்ப நட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மண்டியிட்டு, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, படபடவென்று தொடர்ச்சியாக எடுத்தாள். ஒரே ஒரு எரிச்சல், குட்டைத் தண்ணீர் அசையாமல் நிற்கவில்லை. காற்றே இல்லை, இருந்தும் நடுங்கியது.

அப்போதுதான் போன் அடித்தது. க்ளையன்ட் மீட்டிங்கை முன்னால் தள்ளிவிட்டார்கள், கேப் கிளம்பிவிட்டது, பத்து நிமிஷத்தில் வாசலில் நிற்கவேண்டும் என்று டீம் லீட் சொன்னார். அவள் ஓடினாள். அவசரமாகத் தலைக்கு ஊற்றி, உடை மாற்றி, கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கேப்பில் ஏறியபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கேப் ஓட்டிய யூசுப்புக்குப் பாடிதான் ஊர். அடுத்த ஆளை ஏற்ற அயனம்பாக்கம் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு வானகரம் பக்கம் திருப்பினார். அவள் கேமராவை எடுத்து, சின்னத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. இந்தியா என்றே சொல்ல முடியாது. அப்படி நினைத்ததும் சின்னதாக ஒரு கூச்சம் வந்தது. மேலே தள்ளினாள்.

குட்டையின் மூலையில் ஒரு புங்க இலை மிதந்தது. அடுத்த படத்தில் அது நடுவுக்கு வந்திருந்தது. அதற்கடுத்ததில் திசை மாறியிருந்தது. அதற்கும் அடுத்ததில் கிளை நட்டிருந்த இடத்தில் பாதி மூழ்கி நின்றது. அப்புறம் இலை இல்லை.

திரும்பப் பின்னால் போய்ப் பார்த்தாள். இலை, இலை, பாதி இலை, வெறும் தண்ணீர். தேங்கின குட்டையில் இலை எங்கே போகும்?

கிளையோடு எடுத்த முதல் படத்தைப் பெரிதாக்கினாள். கிளையைச் சுற்றித் தார் மெல்லிய உதடுபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, கறுப்புதான். அது குட்டை இல்லை. அடியில் மண் கரைந்து, சாலை வெறும் தோலாக நிற்கிற இடம். தண்ணீர் அதன்வழியே கால்வாய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நடுங்கியிருக்கிறது. யாரோ அதைப் பார்த்து, வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று கிளை நட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் தெருத்தெருவாக இதைப் பார்த்து வளர்ந்தவள்தான். மூடியில்லாத சாக்கடையில் கிளை நட்டிருந்தால் சைக்கிளை ஒடித்துத் திருப்பிப் போனவள்தான். இன்றைக்கு மட்டும் அது படத்தை மறைக்கிற ஒரு பொருளாகத் தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

அப்படித்தான் இருக்கும், அவளுக்குத் தெரியும். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே அணைத்து ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கே கிளம்பினாலும் போனை அணைத்து ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்துப் பூட்டிவிடுவார். இறங்குகிற இடம் வந்தால்தான் திறப்பார். அதைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அம்மா வரலட்சுமி போனை எடுத்தாள். அப்பா கிளம்பி அரை மணியாகிறது, பருத்திப்பட்டு தாண்டியிருப்பார், எதற்குக் கேட்கிறாய் என்றாள். கனிமொழி சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நூறுக்கு அடித்தாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். எந்தப் பாலம், எந்த ரோடு, பக்கத்தில் என்ன இருக்கிறது? மூணு கண் பாலம் என்றாள். அந்தப் பெயர் அங்கே காட்டவில்லை. சாலையின் பெயர்? தெரியவில்லை. எந்தப் பாலம் எந்த ராஜா கட்டியது, எந்தப் போரில் இடிந்தது, எப்போது திரும்ப எழுந்தது என்று ஒப்பிக்கக்கூடியவளுக்குத் தன் வீட்டுப் பின்னால் இருக்கிற பாலம் எந்த ரோட்டில் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. நூம்பல், கால்வாய், ஃப்ளாட்டின் பெயர் என்று தெரிந்ததெல்லாம் உளறினாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

"அண்ணா, வண்டியத் திருப்புங்க."

"இன்னா மேடம், எதுனா மறந்துட்டீங்களா? அயனம்பாக்கத்துல ஆளு வெயிட் பண்ணிகினு கீறாங்க."

அவள் சொன்னாள். கிளையை எடுத்ததையும் சேர்த்தே சொன்னாள். யூசுப் கண்ணாடியில் அவளை ஒருதடவை பார்த்தார்.

"கெளைய எதுக்கு மேடம் புடுங்கினீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அடுத்த திருப்பத்திலேயே வண்டியை ஒடித்துவிட்டார். அவள் அப்பாவுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். அணைக்கப்பட்டுள்ளது என்று சொல்லும் அந்தப் பெண்ணின் குரல் ஒவ்வொரு தடவையும் அதே பணிவோடு வந்தது.

வேலப்பன்சாவடியில் வண்டிகள் நகரவில்லை. மழையில் நின்றுபோன லாரி ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைத் திறந்து இறங்கினாள். பின்னாலேயே வருவதாக யூசுப் சொன்னது காதில் விழுந்தது. சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். மெதுவாகத்தான் ஓட்டுவார், வலது பக்கமாகத்தான் வருவார், தச்சர் லேட் என்று தெரிந்து நடுவில் டீ குடிக்க நின்றிருப்பார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். ஆனால் எப்படி ஓட்டுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இடது ஓரமாக, சுவரை ஒட்டி, விதி மாறாமல்.

பாலத்தில் கூட்டம் நின்றது.

கால்களுக்கு நடுவே நீல ஸ்கூட்டர் தெரிந்தது. முன்சக்கரம் முழுசாக உள்ளே போய், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். அதற்குள் ஏரி நிரம்பி வழிந்ததில், கால்வாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் வளைவுக்குள் முட்டிக்கொண்டு போனது. காலையில் பார்த்த மூன்று வட்டமும் அதில் இல்லை.

"கனி."

சத்தம் பின்னாலிருந்து வந்தது. பாலத்தை ஒட்டி இட்லிக்கடை போட்டிருக்கும் அஞ்சலையின் பெஞ்சில் உத்தமன் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் தாங்கியிருந்தார். மணிக்கட்டு இருக்கவேண்டிய மாதிரி இல்லை. நெற்றியில் சுவரில் உரசிய காயத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. அவருக்கு முகம் வெளிறியிருந்ததே தவிர, ஒருதடவைகூட முனகவில்லை. ஆபீஸ் போகாமல் இங்கே எப்படி வந்தாய் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அங்கே சண்டை வலுத்துவிட்டது.

அஞ்சலை இடுப்பில் கைவைத்து நின்றாள். விடியும்போது அடுப்பு மூட்ட வந்தவள் பள்ளத்தைப் பார்த்து, தன் வீட்டு முருங்கையை ஒடித்து, தன் பழைய புடவையைக் கிழித்துக் கட்டி நட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போய் மாவு எடுத்து வருவதற்குள் அது தானாக நடந்துபோய் சுவரில் சாயுமா என்று ஊருக்கே கேட்டாள். கூட்டத்தில் ஒருவர், முருங்கை இலைக்கு ஆசைப்பட்டு ஆடு இழுத்திருக்கும் என்றார். ஆடு என்றதும் எல்லோரும் ஞானம்மாள் பக்கம் திரும்பினார்கள். அந்தத் தெருவில் ஆடு வளர்ப்பது அவள் ஒருத்திதான்.

"என் ஆடு கட்டிக் கெடக்குது. வேணும்னா வந்து பாரு," என்றாள் ஞானம்மாள்.

"உன் ஆடு என்னிக்கு கட்டிக் கெடந்துது? போன வாரம் என் கடை மாவுல வாய வெச்சுது. ஒரு மனுசன் கைய ஒட்சிகினு குந்திகினு கீறாரு, நீ இன்னா வாய்தா வாங்கினு கீற?"

"எலைய திங்க வந்த ஆடு கெளைய தூக்கி நேரா சாச்சு வெச்சுட்டுப் போவுமா? எலை எல்லாம் அப்படியே கீதே, கண்ணு இல்ல?"

"திங்க வந்துருக்கும், பொடவையப் பாத்து பயந்துருக்கும்," என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். உத்தமனும், விடும்மா, வாயில்லா ஜீவன், ஆடாத்தான் இருக்கும் என்றார்.

கனிமொழி ஞானம்மாளைப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், ஆனால் யாரும் கேட்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது ஆடு செய்த வேலையாகிவிடும். சும்மா இருந்தால் போதும். அப்பாவே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஆடு இல்ல. நான்தான் எடுத்தேன்."

சட்டென்று யாருக்கும் புரியவில்லை. அஞ்சலைதான் முதலில் கேட்டாள். "நீயா? எதுக்கு?"

"படம் எடுத்தேன். மறைச்சுது. திரும்ப நட்டுடலாம்னு நெனச்சேன், போன் வந்துது, போய்ட்டேன்."

இட்லிப் பானையிலிருந்து ஆவி போகிற சத்தம் கேட்டது. அப்பாவை அவளால் பார்க்க முடியவில்லை. ஞானம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அஞ்சலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வீட்டுப்பக்கம் நடந்தாள்.

"காட்டு," என்றாள் அஞ்சலை.

கேமரா தோளில்தான் தொங்கியது. நீட்டினாள். அஞ்சலை ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, திரையை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தாள். கடுமையாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நல்லாத்தான் கீது," என்றாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். "எம் பொடவை இருந்தா இன்னா, அசிங்கமா பூடுமா?"

அதற்குள் யூசுப் வண்டியோடு வந்துவிட்டார். நாலைந்து பேர் சேர்ந்து ஸ்கூட்டரைப் பின்னால் இழுத்தார்கள். சக்கரம் வெளியே வந்ததும் தார் இன்னும் ஒரு முழத்துக்கு உடைந்து உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கச் சற்று நேரமானது. கூட்டம் தானாகப் பின்வாங்கியது.

உத்தமன் எழுந்து வண்டிக்கு நடந்தார். கனிமொழி பின்கதவைத் திறந்து, அவரை உட்காரவைத்துவிட்டுத் தானும் ஏறப்போனாள். அவர் நல்ல கையால் தடுத்தார். அவளைப் பார்க்காமல் எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ வேணாம். நான் இவரோட போய்க்கறேன். நீ அங்க நில்லு."

"அப்பா."

"ஆளு வந்து அடைக்கிற வரைக்கும் நில்லு."

ஸ்கூட்டர் சீட்டைத் திறந்து போனை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தாள். வண்டி போய்விட்டது.

கிளையை எடுத்துத் திரும்ப நட்டுப் பார்த்தாள், அது நிற்கவில்லை. பள்ளம் இப்போது பெரிதாகிவிட்டது, கிளைக்கு அங்கே பிடிமானமே இல்லை. கொஞ்சம் தள்ளிச் சாலையில் நின்று, கிளையைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் சேறு, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆட்டோக்கள் ஹாரன் அடித்துத் திட்டின. அவள் கிளையை ஆட்டி வலது பக்கம் காட்டினாள். ஆபீஸிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. இதே கைதான், காலையில் கிளையை இழுத்த அதே கை, என்று ஏனோ திரும்பத் திரும்பத் தோன்றியது.

வெயில் ஏறியபோது, நல்ல பைக்கில் வந்த ஒருவன் பாலத்துக்கு முன்னால் நின்றான். நுரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீரையும் சிவந்த வளைவுகளையும் பார்த்தான். போனை எடுத்து உயர்த்திப் பிடித்தான். அப்புறம் கையை அசைத்து, கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்று அவளுக்குச் சைகை காட்டினான். அவள் நகரவில்லை. அவன் மறுபடி காட்டினான். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு அவளும் கிளையுமாகவே எடுத்துக்கொண்டு, அவள் காட்டிய பக்கமாகச் சுற்றிப் போனான்.

அஞ்சலை ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள். கிளையை விட்டுவிட்டுப் போய்த் தின்ன முடியாது. ஆறிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. ஆபீஸாக இருக்கும் என்று பார்த்தாள். அப்பா என்று இருந்தது. வெளியே போன இடத்திலிருந்து அவர் கூப்பிட்டதே கிடையாது.

"கட்டுப் போட்டாச்சு," என்றார். "ஆளு வந்துட்டாங்களா?"

"இன்னும் வரலப்பா."

ஆஸ்பத்திரியில் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது போனில் கேட்டது.

"சரி. நில்லு," என்றார். "போனை ஆஃப் பண்ணல. வந்ததும் சொல்லு."